வாலாட்டும் நாய் யாரைப் பார்த்துக் குரைக்கிறது?

ஜாதவ்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறவர்கள், பக்கத்திலேயே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பிஎச்.டி. செய்கிறவர்கள், சந்தோஷ்பூரிலும் பாகாஜதீனிலும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறவர்கள் என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். நான் பிழைக்க வந்த ஊர் இந்தக் கொல்கத்தா. வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். ஆண்டுதோறும் நம் ஊர்ப் பிள்ளைகள் புதிதாக வந்து இறங்குவதையும், படிப்பு முடிந்து மூட்டை கட்டுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் நீங்கள் என்னிடம் கேட்பது நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்பதுதான். அதற்கு லேக் மார்க்கெட் போங்கள். இந்த மடல் உங்கள் நாய்களைப் பற்றியது.

"எங்களுக்கு ஏது நாய்?" என்பீர்கள். காசு கொடுத்து வாங்கவில்லை, கழுத்தில் பட்டை இல்லை, வீட்டுக்குள் கட்டிப் போடவும் இல்லை. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு லேபிலிருந்து திரும்பும்போது கேட்டருகே எழுந்து, சோம்பல் முறித்து, கூடவே நடந்து வந்து, படிக்கட்டு வரை விட்டுவிட்டுப் போகிற ஒன்று உண்டல்லவா? அதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கு அது மணி. டீக்கடைக்காரருக்குக் காலு. முதல் மாடியில் இருக்கும் வங்காளத்து அம்மாள் மாஷிமாவுக்குப் பூலோ. எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காது நிமிரும். இந்த ஊர்க்காரர்கள் இந்த வகையை நேடி குத்தா என்பார்கள்; கொஞ்சம் ஏளனமும் கொஞ்சம் உரிமையும் கலந்த பெயர். மற்றபடி நம் ஊர்த் தெருநாய்தான், மீன் முள் தின்று வளர்ந்தது.

வீட்டிலிருந்து போன் வரும்போது அம்மாக்கள் சொல்வது தெரியும்: "நாயோடு என்ன சகவாசம், படிக்கிற வேலையைப் பார்." உங்களுக்கேகூடச் சில சமயம் சந்தேகம் வந்திருக்கும். வாலாட்டுவது பிஸ்கட்டுக்கா, நமக்கா? இதற்கு விடை தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஜாதவ்பூர் ஸ்டேஷனில் ஏறி சீல்தா போய், அங்கே கல்யாணி லோக்கலுக்கு மாறினால், நதியா மாவட்டத்து மோகன்பூரில் ஐசர் கொல்கத்தா என்ற ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களின் பின்னாலேயே அலைந்துகொண்டிருக்கிறது. உலகத்து நாய்களில் பெரும்பகுதி யாருக்கும் தனிச் சொந்தமில்லாமல் திரிகிறவை. ஆனால் நாய் ஆராய்ச்சி என்று அச்சாகி வருவதில் பெரும்பகுதி வீட்டுக்குள் வளர்கிற நாய்களைப் பற்றியது. மோகன்பூர்க்காரர்கள் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தார்கள்.

அவர்கள் 2017-இல் 'ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பயாலஜி'யில் வெளியிட்ட சோதனை எளிமையானது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் தெருநாய்களை மறுபடி மறுபடி சந்திக்கிறார். சில நாய்களுக்குத் தீனி தருகிறார். சிலவற்றுக்குத் தலையில் தடவிக் கொடுப்பதோடு சரி. பழக்கம் தொடரத் தொடர, தடவல் கிடைத்த நாய்களே அந்த மனிதரிடம் அதிக நம்பிக்கையோடு நெருங்கின. குப்பைத் தொட்டியில் வாய் வைத்து வயிறு வளர்க்கிற ஒரு ஜீவனிடம் இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். 2020-இல் இன்னொன்று வந்தது. கொல்கத்தா உட்பட சில ஊர்களில் 160 தெருநாய்களிடம், இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார்கள். ஏறத்தாழ பாதி நாய்கள் பயந்து கிட்டேயே வரவில்லை. வந்தவற்றில் நூற்றுக்கு எண்பது, கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்கவில்லை. தெருவில் பிறந்து மனிதர் கையைப் பார்த்தே வளர்ந்த நாய், அந்தக் கை சொல்வதைப் படிக்கிறது.

ஆகவே அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம், அது பிஸ்கட்டுக்கு மட்டும் வாலாட்டவில்லை என்று. ஆனால் இந்தச் செய்தி உங்களுக்கு அவ்வளவு சௌகரியமானதல்ல. தீனி போட்டுவிட்டுப் போகிறவனை நாய் இன்னொரு சாப்பாட்டு வழியாக வைத்துக்கொள்ளும். அவன் வராவிட்டால் அடுத்த வழியைப் பார்க்கும். தடவிக் கொடுத்தவன் கதை வேறு. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகக் குழு 2015-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது பலருக்கும் தெரிந்ததுதான்: நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இரு பக்கமும் ஆக்ஸிடோசின் கூடுகிறது, தாய்க்கும் கைக்குழந்தைக்கும் நடப்பது போல. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. 2022-இல் அதே நாட்டு ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள். பல மணி நேரம் பிரிந்திருந்துவிட்டு வளர்த்தவரைத் திரும்பப் பார்க்கும்போது நாயின் கண்ணில் நீர் கூடுகிறது. பழகிய வேறொருவரைப் பார்க்கும்போது அப்படிக் கூடவில்லை. நாய்க்கு ஆள் முக்கியம். நீங்கள் போன பிறகு அதே படிக்கட்டில் வேறொரு பிள்ளை உட்கார்ந்து அதே பிஸ்கட்டை நீட்டினாலும், அது உங்களுக்கு ஈடாகிவிடாது.

இந்தப் பிணைப்பைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் ஆட்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டுச் சமாசாரம். எருமைகளைக் கவர வந்தவர்களோடு பொருது கருந்தேவக்கத்தி என்ற வீரன் விழுந்தான். அவனுக்கு எடுத்த கல். வில்லும் வாளுமாக நிற்கும் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். கல்வெட்டு அந்த நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டுக் காவலாக நின்றது என்று அதன் செயலையும் சொல்கிறது. அந்தக் காலத்தில் வாழ்ந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. கோவிவன் வந்து சேர்ந்திருக்கிறான்.

அந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாயின் விசுவாசத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதைவிட, கல்லை எடுத்தவர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள். வளர்த்தவன் செத்துக் கிடக்கிறான். அவனுக்கும் நாய்க்கும் இடையே இருந்தது என்ன என்று சாட்சி சொல்ல இன்னும் ஆள் இருந்தது. நாயின் பெயர் ஊருக்குத் தெரிந்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியைச் சொல்வதற்கு இது வேண்டும்.

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு.

விடியுமுன் கானிங் லோக்கல் ஜாதவ்பூர் ஸ்டேஷனுக்கு வரும் நேரத்தில் நீங்கள் யாரும் எழுந்திருக்க மாட்டீர்கள். தெற்கு 24 பர்கானாவின் கிராமங்களிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் அதிலிருந்துதான் இறங்குகிறார்கள். பாகாஜதீன், ஜாதவ்பூர், டாகுரியா, பாலிகஞ்ச் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக. இருட்டில் சந்து சந்தாகப் பிரிந்து போவார்கள். உங்களைப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்ட மணி, அவர்களைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு போகிறான். அவன் மேல் தப்பில்லை. நீங்கள் அவனுக்குச் சோறு வைத்த இடம் அவனுடைய இடம். அதைக் காப்பது அவன் வேலை. கோவிவன் செய்ததும் அதுதான். ஆனால் கோவிவன் கடித்தது கள்வர்களை. இங்கே கடி வாங்குகிறவள், ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள். கடி வாங்கினால் ஊசிக்காக அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும், அதுவும் ஒரு முறையல்ல. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். காகிதம் பொறுக்குகிறவர், சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர், இரவு பதினொன்றுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் பையன் எல்லாரும் இதே கணக்கில்தான் வருவார்கள். உங்கள் நாய் எவ்வளவு அன்பானது என்று தெரிந்துகொள்ள உங்களைப் பார்த்து அது வாலாட்டுவதைப் பார்த்துப் பயனில்லை. அது யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று ஒரு நாள் விடியலில் எழுந்து வந்து பாருங்கள்.

இந்த ஊரில் நாய்களைப் பிடிக்காதவர்களைப் பற்றி நீங்கள் பேசும் தொனி எனக்கு ஒப்புவதில்லை. பயப்படுகிறவரெல்லாம் கல்நெஞ்சக்காரர் என்பதுபோல் பேசுகிறீர்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசியைப் பற்றிக் கேளுங்கள், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1902-இல் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தாள். அன்று தடுப்பு மருந்துக்கு இமயமலை அடிவாரத்து கசௌலிக்குத்தான் போயாக வேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. வயிற்று ஊசி ஒழிந்து, கையில் போடும் நல்ல தடுப்பூசி வந்து வெகுகாலம் ஆயிற்று. நோய் ஒழியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் கணக்கெடுப்பை வைத்து 2024-இல் வந்த மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 5,700-க்கும் அதிகமானோர் இந்த நாட்டில் வெறிநோயால் சாகிறார்கள். அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். நகக்கீறல் ஆனாலும், குட்டி செல்லமாகக் கடித்தது ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'நம்ம மணிதானே' என்று விடக் கூடாது.

நாயை விரும்பினால் அதன் தெருவுக்கு வரும் எல்லாரும் அதைச் சகித்துக்கொள்ளும்படி வைத்திருக்க வேண்டும். அதற்கு வழி கண்டவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். சென்னை மாநகராட்சி 1860-இலிருந்து நாய் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொன்று குவித்த நாய்களின் தோலில் கழுத்து டையும் பணப்பையும் செய்து பார்த்தார்கள் என்று ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்பினர் சொல்வார்கள். அவ்வளவு கொன்றும் எண்ணிக்கை குறைந்ததா என்றால் இல்லை. ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்து குட்டி போடும். கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ், 1960-களிலேயே சொன்னது: கொல்லாதே, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடு. மாநகராட்சி காதில் அது ஏற 1996 ஆயிற்று. மத்திய அரசு 2001-இல் அதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-இல் அந்த விதிகள் புதிதாக எழுதப்பட்டன. காது நுனியில் சின்ன வெட்டு உள்ள நாயைப் பார்த்தால், அது கருத்தடையும் வெறிநோய் ஊசியும் கண்டது என்று பொருள். உங்கள் மணியின் காதை இன்றைக்குப் பாருங்கள். இத்தனை நாள் தடவிய தலைதானே.

2023 விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. தெருநாய்க்குச் சோறு வைக்கலாம். ஆனால் குழந்தைகள் விளையாடும் இடத்திலோ படிக்கட்டிலோ ஆட்கள் வந்து போகும் வாசலிலோ வைக்கக் கூடாது. அதாவது நீங்கள் இப்போது வைக்கிற இடங்கள் அத்தனையிலும் கூடாது.

வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு கோரமான பதில் உண்டு. 2019 ஜனவரியில் சீல்தா அருகே நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 16 நாய்க்குட்டிகள் அடித்துக் கொல்லப்பட்டுக் குப்பைப் பையில் கிடந்தன. வீடியோ வெளியே வந்தது. செவிலியர் மாணவிகள் இருவர் கைதானார்கள். கொல்கத்தாவே கொதித்தது, நியாயமாகத்தான். அந்தக் கொலைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் ஒரு வளாகத்தில் கொஞ்சம் பேர் நாய்களுக்குச் சோறு போட, மற்றவர்கள் பயந்து பயந்து நடக்க, கருத்தடையோ ஊசியோ பற்றி யாருமே கவலைப்படாமல் இருந்தால், நடுவில் ஒரு நாள் யாரோ கழியை எடுப்பார்கள் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

வளாகத்துக்குள் நாய்களுக்கு இனி இடமே இருக்குமா என்பது இன்னொரு கேள்வி. 2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தளர்த்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, ஊசிக்குப் பிறகு அதே இடத்தில் விடலாம் என்றது. சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. நவம்பர் 7-ஆம் தேதி அதே அமர்வு இன்னோர் உத்தரவு போட்டது: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக் கூடாது. விடுதிக் கேட்டில் உங்களுக்காகக் காத்திருப்பது, சட்டத்தின் கண்ணில், அகற்றப்பட வேண்டிய ஒன்று.

இந்த உத்தரவு நாய்களுக்கு நல்லது என்று நான் நினைக்கவில்லை. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததைப் பாருங்கள். அங்கே நாய்கள் புள்ளிமானையும் வெளிமானையும் கடித்துக் கொன்றன என்பது உண்மை; மான்களின் பக்கம் நிற்பவர்களுக்கும் நியாயம் உண்டு. நாய்களைப் பிடித்து அடைத்தார்கள். அடைப்பில் நாய்கள் செத்தன என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தெருவில் பிறந்து தெருவில் திரிந்த நாயை அடைத்து வைப்பதற்கு இடம் மட்டும் போதாது, ஆளும் பணமும் வேண்டும். நம் நாட்டில் அந்த இரண்டும்தான் பஞ்சம். ஆனால் உத்தரவுக்கு எதிராக இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எங்கள் வளாகத்தில் இத்தனை நாய், இத்தனைக்கும் கருத்தடை ஆயிற்று, இன்ன தேதியில் ஊசி போட்டோம், இந்த இடத்தில் இந்த நேரத்தில் சோறு வைக்கிறோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டக்கூடியவர்கள் பேசினால் நிர்வாகம் கொஞ்சமாவது கேட்கும். வெறிநோய் ஒழிய ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு விடுதிக்கு அது பெரிய எண்ணிக்கையல்ல. நாலு பேர் மாதம் ஒரு பிரியாணியை விட்டுக்கொடுத்தால் ஆகிற செலவு. (கொல்கத்தா பிரியாணியை விட்டுக்கொடுப்பது எளிதல்ல என்று எனக்கும் தெரியும், உருளைக்கிழங்கு வேறு இருக்கிறது.)

குட்டிகளைப் பற்றி ஒன்று. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் எந்தச் சந்தில் பார்த்தாலும் குட்டிகள் உருளும். நீங்களும் ஆளுக்கொன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுப்பீர்கள். மோகன்பூர்க் குழு 2016-இல் வெளியிட்ட கணக்கு இது: 95 ஈற்றில் பிறந்த 364 குட்டிகளில் ஏழு மாதம் வரை பிழைத்தது 19 சதவீதம். செத்தவற்றில் 63 சதவீதம் மனிதரால். உங்கள் மடியில் உட்கார்ந்து படத்துக்கு நின்ற ஐந்து குட்டிகளில் ஒன்றுதான் அடுத்த மழையைப் பார்க்கும். தாய்க்கு உரிய காலத்தில் அறுவை செய்திருந்தால் அந்த ஐந்தும் பிறந்தே இருக்காது. குட்டியைக் கொஞ்சுவதைவிட இது பெரிய கருணை என்று எனக்குப் படுகிறது. உங்களில் சிலர் சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

அப்புறம் நீங்கள் போகிற விஷயம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பூஜை விடுமுறையில் விடுதி காலியாகிறது. ஊர் முழுக்க விளக்கும் பந்தலும் கூட்டமுமாக இருக்கும்போது, விடுதிக் கேட்டில் மட்டும் ஆளிருக்காது. அது சின்னப் பிரிவு, திரும்பி வந்துவிடுவீர்கள். எம்.ஏ. முடிந்தோ, தீசிஸ் கொடுத்தோ, ஒரு நாள் இரண்டு பெட்டியோடு டாக்ஸி ஏறும்போது நடப்பதுதான் பெரிது. டாக்ஸிக்குப் பின்னால் சுலேகா மோட் வரை ஓடிவருகிற நாயை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த பிள்ளை அழுதுகொண்டுதான் போயிருக்கும். ஆனால் அந்த அழுகையால் நாய்க்கு என்ன ஆயிற்று? செத்துப்போன பேராசிரியருக்காக 1925-இலிருந்து பத்தாண்டு ஷிபுயா ஸ்டேஷனில் காத்திருந்த ஹச்சிகோவை எல்லாரும் சொல்வார்கள். பத்திரிகையில் பெயர் வரும்வரை அந்த நாய் ஸ்டேஷனில் விரட்டலும் அடியும் பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. சிலை பிறகு வந்தது. பேராசிரியர் செத்துப் போனார், அவரால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. நீங்கள் உயிரோடு டிக்கெட் எடுத்து, தேதி தெரிந்து, கிளம்புகிறீர்கள்.

உங்களில் ஒருவரிருவர் கூடவே ஊருக்குக் கொண்டுபோக நினைப்பீர்கள். முடியும். ஹௌராவிலிருந்து சென்னை 1,660 கிலோமீட்டர் சொச்சம். நாயைப் பெட்டியில் உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபே முழுவதையும் நீங்களே எடுக்க வேண்டும். இல்லையென்றால் பார்சல் ஆபீஸில் பதிந்து பிரேக் வேனில் இருக்கும் நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஒரு முழு நாளுக்கும் மேலாக, சத்தத்தில், இருட்டில், தனியாக. குட்டியாக இருந்து, உங்கள் வீட்டில் உண்மையிலேயே வரவேற்பும் இருந்தால் ஏதாவது செய்து கொண்டுபோங்கள். ஐந்தாறு வயதான தெருநாயை இங்கிருந்து பிடுங்கி அடையாற்றில் மூன்றாம் மாடி பிளாட்டில் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்கு இங்கே வேறு ஆட்கள் உண்டு, தெரு உண்டு, கூட்டாளி நாய்கள் உண்டு, மூன்று பெயர் உண்டு. உங்கள் அன்புக்காக அதன் இரண்டு பெயரைப் பறிக்கக் கூடாது.

அதனால்தான் எடுத்தனூரைச் சொன்னேன். நாயின் பெயர் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஊர் என்பது பாடா. தெருவும் டீக்கடையும் கிளப் ரூமும் திண்ணைப் பேச்சும் சேர்ந்த அந்தச் சின்ன உலகம். இந்தப் பக்கத்துப் பாடாக்கள் பெரும்பாலும் நாட்டுப் பிரிவினையில் வந்தவர்கள் காலி நிலத்தில் தாங்களே கட்டிய காலனிகள். பிஜய்கட் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கிளப், ஒரு பூஜை. பாடா நாய் என்றால் அந்த மொத்தத்துக்கும் சொந்தமான நாய். நீங்கள் வந்து, ஆசையோடு, அதை உங்களுடையதாக மட்டும் ஆக்கிவிடுகிறீர்கள். மற்றவர்கள் 'அது தமிழ்ப் பையன்களின் நாய், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று கையை எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் போன பிறகு அதற்கு யாரும் இல்லை. அன்பு குறைவாக இருந்து வந்த வினையல்ல இது, அன்பைத் தனியாக வைத்துக்கொண்டதால் வந்தது.

ஆகவே கிளம்புவதற்கு ஓராண்டு முன்பே, நாயை மற்றவர்களோடு பங்கு போடுங்கள். டீக்கடைக்காரரிடம் ஊசி அட்டையைக் காட்டுங்கள். அடுத்த ஊசி எப்போது என்று அவருக்கும் தெரியட்டும். மாஷிமா மீன் முள் போடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், கேட்டுக்கு வெளியே மூலையில் போடச் சொல்லுங்கள். உடைந்த வங்காளம் போதும், சிரிப்பார்கள், ஆனால் செய்வார்கள். புது மாணவர்கள் சேர்ந்ததும், ஜூனியர்களில் நாயைக் கண்டு விலகி நடக்கிற ஒருத்தரைப் பார்த்துப் பேசுங்கள். விரும்புகிறவர் தானாக வந்து சேர்வார், பயப்படுகிறவருக்குத்தான் மணியை அறிமுகம் செய்ய வேண்டும். கானிங் லோக்கலில் வரும் மாஷி யாராவது உங்கள் விடுதிக்கும் வருவார். அவர் கையால் ஒரு வாரம் சோறு வைக்கச் சொல்லிப் பாருங்கள். மணி அவரைத் துரத்துவதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

பொறுப்பேற்கிறவரோடு சேர்ந்தே சில மாலைகள் அந்த மூலையில் உட்காருங்கள். முதலில் நீங்கள் தடவுங்கள், பிறகு அவர். கடைசி வாரத்தில் சோறு வைப்பது முழுக்க அவர் கையாக இருக்கட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். நோட்டுப் புத்தகத்தை அவரிடம் கொடுங்கள்: பெயர்கள், ஊசித் தேதி, எந்தக் காலில் பழைய முறிவு, எதைத் தின்றால் வாந்தி, எந்த நாயோடு பகை, கால்நடை மருத்துவரின் எண். கிளம்பும் நாளன்று நாயை வேறு தெருப்பக்கம் யாராவது கூட்டிப் போயிருக்கட்டும். டாக்ஸியை அது பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
சந்தோஷ்பூரிலிருந்து ஒரு பழைய தமிழ்க்காரன்

பி.கு.: காளி பூஜை இரவில் வெடிச் சத்தத்துக்கு நாய்கள் மிரண்டு சாலையில் குறுக்கே ஓடி அடிபடுகின்றன. அன்றைக்கு விடுதியில் தங்குகிறவர்கள் வார்டனிடம் முன்கூட்டியே பேசி, சைக்கிள் ஷெட்டையாவது இரவு முழுக்கத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். பழைய சாக்கு இரண்டு, ஒரு சட்டி தண்ணீர் போதும்.